மடியில் கனம்

'சிட்டிசன்ஃபோர்' ஆவணப்படத்தில் ஒரு காட்சி. ஹாங்காங்கில் ஒரு ஹோட்டல் அறை, கலைந்த வெள்ளைப் படுக்கை. 29 வயது எட்வர்ட் ஸ்னோடன் தன் மடிக்கணினியில் கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். ஒரு சிவப்புத் துணியை எடுத்துத் தலையையும் கணினியையும் சேர்த்து மூடிக்கொள்கிறார். எங்கோ ஒளிந்திருக்கும் கேமரா தன் விரல்கள் போகும் இடத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. அறையில் இருக்கும் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்கள் கல்லூரியில் இந்தப் படத்தைப் போட்டுக்காட்டிப் பேசப் போயிருந்தேன். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அரங்கம் இந்த இடத்தில் கொல்லென்று சிரித்தது. என்னவென்று பிறகு கேட்டேன். "ஹாஸ்டல்ல பத்து மணிக்கு மேல நாங்க எல்லாருமே இப்படித்தான் மேடம்" என்றாள் முன்வரிசைப் பெண். போர்வைக்குள் கைபேசி, போர்வைக்கு வெளியே வார்டன். மறுபடி சிரிப்பு. பின்னாலிருந்து இன்னொருத்தி, "வீட்டுலயும்தான்" என்றாள். அதற்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. அவள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் இரவில் கைபேசியை அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டுமாம். "மெசேஜெல்லாம் படிக்க மாட்டான் மேடம். அதுல டீசன்ட். யாரு, எத்தன மணிக்கு, எவ்ளோ நேரம், அது மட்டும்தான் பார்ப்பான்."

அந்த அண்ணன் பார்ப்பதற்கு ஒரு பெயர் உண்டு: மெட்டாடேட்டா. 2013 ஜூன் 5 அன்று கார்டியன் நாளிதழ் வெளியிட்ட முதல் செய்தி இதைப் பற்றியதுதான். வெரைசன் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளை அன்றாடம் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.விடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு ரகசிய நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. பேச்சு வேண்டாம், யார் யாரை அழைத்தார்கள், எப்போது, எவ்வளவு நேரம் என்பது போதும். இரண்டு நாள் கழித்து ஒபாமா மக்களுக்கு ஆறுதல் சொன்னார், உங்கள் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று. அமெரிக்காவில் இதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. பேச்சைக் கேட்காமல் எண்களை மட்டும் பார்ப்பது அந்தரங்க மீறலா இல்லையா என்று சட்ட வல்லுநர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பின்வரிசைப் பெண்ணைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். ஒரே எண்ணுக்கு இரவு பதினொன்றரைக்கு நாற்பது நிமிடம் பேசியிருக்கிறாள் என்றால் அதற்கு மேல் அவன் எதைக் கேட்க வேண்டும்?

லாரா பொய்ட்ரஸ் எடுத்த இந்தப் படம் 2014-இல் வெளிவந்து, 2015-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. கண்காணிப்பு பற்றிய படங்களில் இதை மிஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் அது எங்கே பார்க்காமல் நிற்கிறது என்பதையும் பேசத் தோன்றுகிறது.

முதலில் பொய்ட்ரஸைப் பற்றி. இந்தக் கதை ஊர் ஊராகச் சொல்லப்படும்போது நாயகர்கள் இரண்டு பேர்: ரகசியத்தை எடுத்து வந்த ஸ்னோடன், அதை எழுதிய கிரீன்வால்ட். பொய்ட்ரஸ் 'உடனிருந்து படம் பிடித்தவர்'. நடந்தது வேறு. ஸ்னோடன் 2012 டிசம்பரில் பெயர் சொல்லாமல் முதலில் எழுதியது கிரீன்வால்டுக்குத்தான். மின்னஞ்சலை மறையாக்கம் செய்யும் மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். கிரீன்வால்டுக்கு அதற்கு நேரம் வரவில்லை. அதன் பிறகுதான், 2013 ஜனவரியில், பொய்ட்ரஸுக்கு எழுதுகிறார். பொய்ட்ரஸுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இராக் ஆக்கிரமிப்பைப் பற்றி 2006-இல் அவர் ஒரு படம் எடுத்திருந்தார். அந்த ஆண்டிலிருந்து 2012 வரை, அமெரிக்க எல்லையைத் தாண்டும்போது ஐம்பது முறைக்கு மேல் நிறுத்தி விசாரிக்கப்பட்டவர். காரணம் ஒருமுறைகூடச் சொல்லப்படவில்லை. கணினியையும் குறிப்பேடுகளையும் வீட்டில் விட்டுவிட்டுப் பயணம் செய்யப் பழகிக்கொண்டவர். கடைசியில் எடுத்த காட்சிகளைக் காப்பாற்றுவதற்காக பெர்லினுக்கே குடிபெயர்ந்தார். கண்காணிப்பு அவருக்கு ஒரு தலைப்பு அல்ல, ஆறு வருட அன்றாடம்.

இப்படிப்பட்ட ஒருவர் படம் எடுக்கும்போது தன்னை எங்கே வைத்துக்கொள்கிறார்? படத்தின் தொடக்கத்தில் இருட்டான சுரங்கப்பாதையில் விளக்குகள் நகர்கின்றன. ஸ்னோடனின் மின்னஞ்சல்களைப் பொய்ட்ரஸின் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்கிறது. அதன் பிறகு அவர் ஏறக்குறைய மறைந்தே போகிறார். ஒரு கண்ணாடியில் கேமராவோடு கணநேரம் தெரிகிறார், அவ்வளவுதான். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் வேலையெல்லாம் செய்த சித்தி ஒரு படத்திலும் இருக்க மாட்டாளே, அந்தக் கோபம். மறுமுறை பார்த்தபோது வேறு மாதிரி தோன்றியது. ஆறு வருடம் மற்றவர்கள் முடிவு செய்தபடி காட்டப்பட்ட ஒரு பெண், எதைக் காட்டுவது எதை வைத்துக்கொள்வது என்பதைத் தன் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறார். தன் பயத்தை அவர் காட்டவில்லை. பெர்லினில் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகளைப் பிறகு, 2016-இல், தன் கண்காட்சியையொட்டி வந்த நூலில் தானே வெளியிட்டார். அந்தரங்கம் என்றால் என்ன என்று படத்தில் பேசப்படும் வாதங்களைவிட இந்த நடத்தை எனக்குத் தெளிவாகச் சொன்னது. மறைப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்ற கட்டாயமே அதில் இல்லை. எப்போது, யாருக்கு, எந்த அளவு என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் அதில் கேள்வி.

கண்காணிப்பை ஆதரிப்பவர்கள் உலகெங்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? நம்மிடம் அதற்குப் பழமொழியே தயாராக இருக்கிறது: மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். இந்தப் பழமொழியைச் சொன்ன வழிப்போக்கர் ஆணாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் பயந்தது மடியில் முடிந்த காசுக்கு. காசில்லாவிட்டால் எந்த நடுநிசியிலும் நடந்து போய்விடலாம் அவருக்கு. வெறும் மடியோடு போகும் பெண்ணுக்கும் வழியில் பயம் உண்டு என்பது இந்தப் பழமொழிக்குத் தெரியாது. அவளிடமிருந்து பறிப்பதற்குக் காசு தேவையில்லை. அவள் அந்த வழியில் போனாள் என்பதே போதும், நாளைக்கு அது அவளுக்கு எதிரான செய்தி.

'சிட்டிசன்ஃபோர்' இந்தப் பழமொழிக்குப் பதில் சொல்ல முயலும் படம். ஆனால் அது சொல்லும் பதில் குடிமகனின் பதில். அரசு ஒரு பக்கம், தனி மனிதன் ஒரு பக்கம், நடுவில் சட்டம். திரையில் இருப்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள்: ஸ்னோடன், கிரீன்வால்ட், கார்டியனின் யூவன் மெக்காஸ்கில், என்.எஸ்.ஏ.வை எதிர்த்து வெளியேறிய வில்லியம் பின்னி. கண்காணிக்கும் அரசுக்கு உடல் கிடையாது இந்தப் படத்தில். பாலைவனத்தில் கட்டடங்கள், வெள்ளைக் கோளங்கள், கேபிள்கள். பார்க்கிறவன் யார் என்றே தெரியாத பார்வை.

ஆனால் அந்தப் பார்வைக்கு உடல் உண்டு என்பது படம் தயாராகிக்கொண்டிருந்தபோதே அச்சில் வந்துவிட்டது. 2013 செப்டம்பரில் என்.எஸ்.ஏ.வின் தலைமை ஆய்வாளர் செனட்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறார். 2003 முதல் ஊழியர்கள் வேண்டுமென்றே தங்கள் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய 12 நிகழ்வுகளை அது பட்டியலிடுகிறது. ஓர் ஊழியர் 1998-க்கும் 2003-க்கும் இடையில் ஒன்பது வெளிநாட்டுப் பெண்களின் தொலைபேசி எண்களை உளவு இயந்திரத்துக்குள் போட்டிருக்கிறார். இன்னொருவர், அந்த அமைப்பைப் பயன்படுத்த அனுமதி கிடைத்த முதல் நாளே, தன் முன்னாள் காதலியின் ஆறு மின்னஞ்சல் முகவரிகளைத் தேடியிருக்கிறார். முதல் நாளே! கணவனின் கைபேசியில் இருந்த ஒரு வெளிநாட்டு எண் யாருடையது என்று தேடிய மனைவி ஒருத்தியும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள். பெண் என்பதால் அவளை விட்டுவிட வேண்டியதில்லை. உளவுத் துறைக்குள்ளேயே இதற்குச் செல்லப்பெயர் இருந்தது, 'லவ்இன்ட்'. சமிக்ஞைகளை ஒற்றறிவதற்கு 'சிக்இன்ட்' என்று பெயர் இருப்பதுபோல, காதலை ஒற்றறிவதற்கு இது.

அந்த ஒன்பது பெண்கள் விஷயம் எப்படி வெளியே வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். தணிக்கையில் அல்ல. அவரோடு உறவில் இருந்த, அமெரிக்க அரசிலேயே வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தது, தான் தொலைபேசியில் பேசுவதை இவன் கேட்கிறான் என்று. அவள் அதை வெளியே சொன்னாள். உலகின் மிகப் பெரிய ஒற்றுத்துறையின் உள் ரகசியம் ஒரு பெண்ணின் உள்ளுணர்வில் உடைந்திருக்கிறது. அந்த ஆள் வேலையை விட்டுப் போனார். பத்திரிகைகள் இதைச் சிரிப்புச் செய்தியாகப் போட்டன, மாபெரும் அரசியல் சட்டப் பிரச்சினைக்கு நடுவே சின்ன ருசிகரம் மாதிரி. எண்ணிக்கை குறைவுதான், 12. ஆனால் விவாதத்தின் மையத்தில் வைத்திருக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் பார்க்கும் ஒரு கண்ணை ஒருவனிடம் கொடுத்தால் அவன் முதலில் எங்கே திரும்புகிறான் என்பதற்கு அது சாட்சி. பின்வரிசைப் பெண்ணின் அண்ணனுக்கும் முதல் நாள் ஊழியருக்கும் இடையே உள்ள தூரம் இயந்திரத்தின் அளவில் மட்டும்தான். பொய்ட்ரஸின் படத்தில் இந்தக் கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

அடுத்தது லின்சே மில்ஸ். ஹவாயில் ஸ்னோடனோடு வாழ்ந்துவந்த அவருடைய காதலி. ஸ்னோடன் ஹாங்காங் கிளம்பியபோது அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. வேலையாக வெளியே போவதாகத்தான் அவருக்குத் தெரியும். படத்தில் ஓரிடத்தில் வீட்டுக்குப் போலீஸும் அலுவலகத்துப் பெண்ணும் வந்து விசாரித்துவிட்டுப் போன தகவல் ஸ்னோடனுக்கு வந்து சேர்கிறது. முதல்முறையாக அந்த முகம் கலங்குகிறது. கேமரா அவசரப்படாமல் அந்த முகத்தில் நிற்கிறது. படத்தின் மிக நல்ல இடங்களில் ஒன்று. ஆனால் அந்த முகத்தின் வழியாகத்தான் நமக்கு லின்சேயைத் தெரியும். போலீஸ் வாசலில் நின்றபோது கதவைத் திறந்தவள் அவள். நாம் பார்ப்பது தகவலைப் படித்துக் கலங்குகிறவரை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஸ்னோடனிடம் நியாயமான காரணம் இருக்கிறது. தெரிந்திருந்தால் அவளும் குற்றத்துக்கு உடந்தையாகியிருப்பாள். தெரியாமல் இருப்பதே அவளுக்குப் பாதுகாப்பு. நான் இதைக் கேலி செய்யவில்லை. இரகசியம் தெரிந்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போன மனைவிகளும் தாய்களும் நம் அரசியல் வரலாற்றிலும் உண்டு. இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வாக்கியத்தின் அமைப்பு பழக்கமானதாக இருக்கிறது. உனக்காகத்தான், உன்னைக் கேட்காமல், உன் நன்மைக்கு. குடிமக்களைக் கேட்காமல் குடிமக்களின் பாதுகாப்புக்காக என்.எஸ்.ஏ. செய்ததாகச் சொன்னதும் இதே அமைப்புதான். ஆங்கிலத்தில் தேசத்துக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழில் நமக்கு இரண்டுக்கும் 'பாதுகாப்பு' ஒன்றுதான். இது நம் மொழியின் குறை என்று தோன்றவில்லை. சில சமயம் மொழி உண்மையைச் சொல்லிவிடுகிறது.

அந்த ஜூன் மாதத்தில் லின்சேக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜூன் 9 அன்று ஸ்னோடன் தன் பெயரை வெளிப்படுத்தினார். சில நாட்களுக்குள் உலகப் பத்திரிகைகள் லின்சேயின் வலைப்பூவிலிருந்த படங்களை எடுத்துப் போட்டன. கம்ப நடனம் ஆடுகிறவள், உள்ளாடைப் படங்கள், 'உளவாளியின் அழகுக் காதலி'. அந்தரங்கத்தைக் காக்க ஒருவன் உயிரைப் பணயம் வைத்திருக்கிறான் என்று முதல் பக்கத்தில்; அவனோடு வாழ்ந்தவளின் உடல் உள்பக்கத்தில். அவளே பொதுவில் போட்ட படங்கள்தானே என்று கேட்கலாம். அவள் போட்டது ஓர் இடத்தில், ஓர் ஓட்டத்தில், தன் வாசகர்களுக்கு. ஓர் இடத்தில் சொன்ன தகவலைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் நட்டால் அதன் பொருள் மாறிவிடும் என்பதுதானே மெட்டாடேட்டாவுக்கு எதிராக அந்தப் பத்திரிகை உலகம் வைத்த வாதம்?

அதே 2013-இல், நவம்பரில், நம் நாட்டிலும் ஒரு கசிவு. கோப்ராபோஸ்ட், குலைல் என்ற இரண்டு இணைய ஊடகங்கள் ஒலிப்பதிவுகளை வெளியிட்டன. 2009 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் குஜராத்தின் அப்போதைய உள்துறை இணையமைச்சரும் போலீஸ் அதிகாரிகளும் பேசியவை என்று அந்த ஊடகங்கள் கூறின. கட்டடக்கலை பயின்ற ஓர் இளம்பெண்ணை மாநிலப் போலீஸ் பின்தொடர்ந்தது பற்றிய பேச்சு அது. அவள் எந்தக் கடைக்குப் போகிறாள், யாரோடு சாப்பிடுகிறாள், எந்த விமானத்தில் ஏறுகிறாள். பயங்கரவாதத்தைத் தடுக்க வேண்டிய படைப்பிரிவுக்கும் இதில் பங்கு இருந்ததாகச் செய்தி. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தல். காங்கிரஸ் கொதித்தது, பா.ஜ.க. தந்தையின் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தது. மகளைக் கவனித்துக்கொள்ளும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன், எனக்குப் புகார் இல்லை, விசாரணை வேண்டாம் என்பது கடிதத்தின் சாரம்.

அந்தக் கடிதம் வந்ததும் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு தரப்பு முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பாவே கேட்டிருக்கிறாரே, பிறகென்ன? அவள் சட்டப்படி வயது வந்தவள், நீதிமன்ற ஆணை இல்லாமல் போலீஸ் எந்த அடிப்படையில் பின்தொடர்ந்தது என்று சிலர் கேட்டார்கள்தான். எடுபடவில்லை. அரசாங்கம் பார்த்தால் அந்தரங்க மீறல். அப்பா சொல்லி அரசாங்கம் பார்த்தால் அக்கறை. ஸ்னோடன் கிளப்பிய விவாதத்தில் கேட்கப்பட்ட எந்தக் கேள்வியாலும் இந்த இடத்தைத் தொட முடியவில்லை. அங்கே அரசும் தனிமனிதனும் எதிரெதிராக நின்றார்கள். வீடு என்பது தனிமனிதன் ஒதுங்கும் இடம். இங்கே வீடும் அரசும் கைகோத்து நிற்கின்றன, தனிமனுஷி தெருவில்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை, முடிந்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். விசாரணை ஆணையம் என்ற பேச்சு தொடர்ந்தபோது, 2014-இல், தந்தையோடு அந்தப் பெண்ணும் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். இந்த விசாரணைதான் என் அந்தரங்கத்தை மீறுகிறது, நிறுத்துங்கள் என்று. மாநில அரசு அமைத்த ஆணையத்தைக் குஜராத் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரில் ரத்து செய்தது. பெண்ணியவாதிகள் பலர் அந்த மனுவை நம்பவில்லை. நிர்ப்பந்தம் என்றார்கள், இருக்கலாம். நானும் அப்போது அப்படித்தான் பேசினேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. தன்னைப் பின்தொடர்ந்ததையும் அவளுக்காக என்றார்கள், அதை வெளியிட்டதையும் அவளுக்காக என்றார்கள், விசாரிப்பதையும் அவளுக்காக என்றார்கள். அவள் வாய் திறந்து ஒன்று சொன்னபோது அது அவள் சொன்னதில்லை என்று நாம் சொன்னோம். வெளியிட்ட ஊடகங்கள் அவளுக்குப் புனைபெயர் கொடுத்திருந்தன. அது பொறுப்பான செயல். ஆனால் புனைபெயருக்குப் பின்னால் அவள் அன்றாடத்தின் ஒவ்வோர் அடியும் இரண்டாம் முறை, இந்த முறை நாடு முழுவதும், பின்தொடரப்பட்டது. இந்தச் செய்தியை வெளியிடாமல் இருந்திருக்க வேண்டுமா? இல்லை. ஒரு மாநிலப் போலீஸ் இப்படி நடந்துகொண்டது பொதுநலன் சார்ந்த செய்தி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கிறது, என்னால் ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியவில்லை.

பெண்ணியத்துக்கு அந்தரங்கம் என்ற சொல்லின் மேலேயே பழைய சந்தேகம் உண்டு. 'குடும்ப விஷயம்' என்று போலீஸ்காரர் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு பெண்ணும் அந்தச் சொல்லால் அடிக்கப்பட்டவள்தான். 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, சந்திரசூட் எழுதிய பகுதி இந்தச் சந்தேகத்தைப் பதிவு செய்திருந்தது: ஆணாதிக்க வன்முறைக்கு அந்தரங்கம் திரையாகிவிடக் கூடாது என்று. பதிவு செய்ததோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. வீட்டின் அந்தரங்கமும் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் அந்தரங்கமும் ஒன்றோடொன்று மோதும்போது யார் பக்கம் என்பதை வழக்கு வழக்காகத்தான் நாம் சண்டை போட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

மீண்டும் ஹாங்காங். பெயர் வெளியான பின் ஸ்னோடன் ஹோட்டலிலிருந்து மறைந்தார், ஜூன் 23 அன்று விமானம் ஏறினார். இடையில் எங்கே இருந்தார்? 2016-இல்தான் வெளியே வந்தது. ஹாங்காங்கின் நெரிசலான குடியிருப்புகளில், அடைக்கலம் கேட்டுக் காத்திருந்த அகதிகள் அவரை ஒளித்து வைத்திருந்தார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு பெண், குழந்தையோடு. இலங்கையிலிருந்து வந்த ஒரு தம்பதி, தனி ஆள் ஒருவர். தங்களுக்கிருந்த ஒற்றை அறையை, ஒற்றைப் படுக்கையை விட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பிலிப்பைன்ஸ் பெண், அவர் கேட்டுக்கொண்டபடி ஆங்கிலப் பத்திரிகை வாங்கப் போனபோது, முதல் பக்கத்தில் தன் விருந்தாளியின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரியும். 2017-இல் ஹாங்காங் இவர்கள் எல்லோருடைய மனுக்களையும் நிராகரித்தது. அந்தப் பெண்ணும் மகளும் 2019-இலும், இலங்கைக் குடும்பம் 2021-இலும் கனடா போய்ச் சேர முடிந்தது. படம் எடுத்தபோது இவர்களைக் காட்டியிருக்க முடியாது, காட்டியிருக்கவும் கூடாது. ஆனால் இது தெரிந்த பிறகு அந்த ஹோட்டல் அறைக் காட்சிகளை மறுபடி பார்த்தால் கவனம் வேறெங்கோ போகிறது. கடவுச்சொல்லை மூட ஒருவருக்குத் துணி கிடைக்கிறது. அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் விரல்ரேகையிலிருந்து பழைய காயம் வரை அதிகாரிகளிடம் காட்டி நிரூபிக்க வேண்டும். எதையும் மறைக்க முடியாது என்பதுதான் அவர்கள் உள்ளே வருவதற்கான விலை.

பொய்ட்ரஸ் இந்த இடைவெளிகளை அறியாதவர் அல்ல என்பதற்கு அவருடைய அடுத்த படமே சாட்சி. விக்கிலீக்ஸின் ஜூலியன் அசாஞ்சைப் பற்றிய 'ரிஸ்க்' முதலில் 2016-இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பிறகு மாற்றி வெட்டி 2017-இல் வெளியிட்டார். ஸ்வீடனில் தன்மேல் பாலியல் புகார் கொடுத்த பெண்களைப் பற்றி, இதெல்லாம் பெண்ணியவாதிகளின் சதி என்ற தொனியில் அசாஞ்ச் பேச, அப்படிப் பேசாதீர்கள் என்று பெண் வழக்கறிஞர் ஒருவர் திருத்தப் பார்க்கிறார். அசாஞ்ச் குற்றத்தை மறுத்துவந்தார், ஸ்வீடன் விசாரணை 2019-இல் கைவிடப்பட்டது. 'சிட்டிசன்ஃபோர்' படத்தில் போராளிகளுக்கு இணையப் பாதுகாப்பு கற்றுக்கொடுப்பவராக வரும் ஜேக்கப் ஆப்பில்பாம் மீதும் 2016-இல் பாலியல் புகார்கள் எழுந்தன. அவர் மறுத்தார், அவர் வேலை பார்த்த டோர் அமைப்பு விசாரித்து, புகார்கள் நம்பத்தக்கவை என்றது. தனக்கும் அவருக்கும் முன்பு உறவு இருந்ததை 'ரிஸ்க்' படத்தில் பொய்ட்ரஸ் தன் குரலிலேயே சொல்கிறார். இந்த முரண்களைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்திருந்ததாகவும், அவையே கதையாகிவிட்டதாகவும் ஒப்புக்கொள்கிறார். 'ரிஸ்க்' ஒட்டுப்போட்ட படம், 'சிட்டிசன்ஃபோர்' அளவு கச்சிதமில்லை. எனக்கு அந்தத் தையல்கள் பிடித்திருந்தன. கண்ணாடியில் கணநேரம் தெரிந்து மறைந்தவர் இங்கே ஏன் பேசினார் என்பதற்கு அந்தத் தையல்கள்தான் காரணம் சொல்கின்றன. அரசின் ரகசியத்தை உடைக்கும் இயக்கம் தனக்குள் எந்த ரகசியங்களைப் பூட்டி வைத்திருக்கிறது என்று கேட்க அவருக்கு இன்னொரு படம் தேவைப்பட்டிருக்கிறது.

கல்லூரியில் அன்று மாலை நீண்டுபோனது. படத்தின் முடிவுக்கு முன் வரும் ஒரு காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. மாஸ்கோ, இரவு. கேமரா வீட்டுக்கு வெளியே இருட்டில் நிற்கிறது. ஜன்னலுக்குள் மஞ்சள் வெளிச்சம், அடுக்களை. லின்சேயும் ஸ்னோடனும் சமைக்கிறார்கள். அவர் அங்கே வந்து சேர்ந்துவிட்டார் என்பது அதுவரை உலகுக்குத் தெரியாது. அந்த ஷாட்தான் செய்தி. அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. பொய்ட்ரஸ் வேண்டுமென்றே ஒற்றனின் இடத்தில் நின்று, ஒற்றன் எடுக்கக் கூடியதைவிடக் குறைவாக எடுத்துக்கொண்டு திரும்புகிறார் என்று நான் விளக்கினேன்.

பின்வரிசைப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு ஏன் அவ்ளோ தூரம் போனாங்கன்னு அவங்கள ஒரு தடவைகூட கேக்கலையே மேடம்" என்றாள். ஸ்னோடன் 2019-இல் எழுதிய தன்வரலாற்றில் ஓர் அத்தியாயம் முழுக்க லின்சேயின் நாட்குறிப்பிலிருந்து எடுத்தது, அந்த நாட்களில் அவர் பட்ட விசாரணை, பின்தொடரல், ஆத்திரம் எல்லாம் அதில் இருக்கிறது என்று சொன்னேன்.

"அவர் புக்லயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதற்குள் காவலாளி விளக்கை அணைக்க வந்துவிட்டார். விடுதி மாணவிகள் ஏழு மணிக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பெண்கள் வரிசையாக வெளியே போனார்கள். வாசலில் ஒரு பதிவேடு திறந்து கிடந்தது, பெயர், வகுப்பு, நேரம்.